கிழிக்காத கடைசி அத்தியாயம்

மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். யாரைப் பார்த்தாலும் இந்த ஆள் எங்கே இறங்குவார் என்று மனது தானாகக் கணக்குப் போடும். பஸ்ஸை விட்டுவிட்டு, காரைக்குடியில் தேனம்மை ஆச்சியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்த பிறகும் காசிக்கு அது போகவில்லை. ஆனால் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாளைப் பார்த்ததும் கணக்கு உதைத்தது. அந்த அம்மாள் இனி எங்கேயும் இறங்க முடியாதவர் போல இருந்தார்.

ஒச்சம்மாளுக்குப் புதுவயலில் ரைஸ் மில் வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள் அபி, காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தவள். போன செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்கென்று போனவள் மறுநாள் புதுவயலுக்கு வெளியே இருக்கும் ஊருணியில் பிணமாக மிதந்தாள். செருப்பும் கைப்பையும் படிக்கட்டில் ஒழுங்காக இருந்தன. உடம்பில் காயம் இல்லை, நுரையீரலில் தண்ணீர் இருந்தது. தற்கொலை என்று எழுதி முடிக்கப் போகிறது போலீஸ்.

"அன்னைக்குக் காலையில நான்தான் ஏசினேன் ஆச்சி" என்றார் ஒச்சம்மாள். "புத்தகத்தப் படிச்சுப்புட்டு உக்காந்து அழுதுக்கிட்டே இருந்தா. சோறு வேணாம்னா. எனக்கு மில்லுக்கு நேரமாச்சு. எங்குட்டாச்சும் போய்த் தொலைடின்னுட்டேன். தொலைஞ்சே போயிட்டா."

தேனம்மை ஆறுதல் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் சாவுகளை விசாரித்தே பாதி ஆயுசைக் கழித்தவர். ஆறுதல் சொன்னால் எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்திவிடுவார் என்பது அவர் அனுபவம்.

"ஊரே சொல்லுது, ஆத்தா சொன்ன சொல்லுதான் மகளக் கொன்னுச்சுன்னு. அது நெசமா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நெசம்னா நான் ஏத்துக்கிட்டுப் போறேன். தெரியாமத்தான் என்னால இருக்க முடியல."

அவர் போன பிறகும் அந்தக் குரல் அறையை விட்டுப் போகவில்லை. காசி மின்விசிறியைக் கூட்டி வைத்தான். பிரயோசனம் இல்லை.

எஸ்.ஐ. கதிரவன் தேனம்மைக்குத் தெரிந்தவர். கைப்பையைக் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே ஒரு சீப்பு, டிபன் பாக்ஸ், பஸ்ஸுக்குச் சில்லறை, ஒரு நாவல். அட்டையில் கதவுக்குக் கீழே தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. 'ஈரச் சாவி', எழுதியவர் இருள்நம்பி. வேடிக்கை என்னவென்றால், கடைசி அத்தியாயம் முழுவதும் ஒரு பழுப்புத் தாள் பட்டையால் ஒட்டி மூடப்பட்டிருந்தது. பட்டையின் நடுவில் சிவப்பு மையில் ஓர் எண்ணும் ஒரு கையெழுத்தும்.

"புத்தகத்துக்குக் கட்டுப் போட்டிருக்காக ஆச்சி. அடிபட்டிருச்சோ?" என்றான் காசி.

"கட்டுப் போட்ட டாக்டரப் போய்ப் பாப்பம். வண்டிய எடு."

*

கடைத்தெருவான கல்லுக்கட்டிக்குப் பக்கத்துச் சந்தில் சத்தியமூர்த்தி நடத்தும் வாடகை நூல் நிலையத்துக்கு 'மர்மக்கூடம்' என்று பெயர். சமையல் புத்தகம், சாமி புத்தகம், சுயமுன்னேற்றம் எதுவும் கிடையாது. சுவர் முழுக்கக் கொலை, கொள்ளை, பேய். அலமாரிகளுக்கு அவரே பெயர் எழுதி ஒட்டியிருந்தார்: பகலில் படிக்க, துணையோடு படிக்க, தனியாக இருந்தால் தொடாதே. செல்போன் வந்து எல்லாக் கடையையும் இழுத்து மூடியபோதும் இந்தக் கடை நின்றது என்றால் அது அவருடைய சிபாரிசுக்காகத்தான். ஆளின் முகத்தைப் பார்த்து அவருக்கு எந்தப் பயம் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லிவிடுவார் என்று பேர்.

அவர்கள் நுழைந்தபோது வழுக்கைத் தலைக்காரர் ஒருவருக்கு அந்த வைத்தியம் நடந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. பேய் வேணாம். பேய் புத்தகத்த மூடினாலும் வீட்டுக்குள்ளயேதான் இருக்கும். துப்பறியுறது எடுத்துக்கங்க. போலீஸ் வந்துரும், கதை முடிஞ்சுரும், தூக்கம் வரும்."

அடுத்து நின்ற கல்லூரிப் பெண்ணைப் பார்த்தார். "உனக்கு முதல் பக்கத்திலயே பொணம் விழணும். சரியா?" அவள் வாயைப் பிளந்தாள்.

பேசிக்கொண்டே இருந்தவரின் கை தனியாக வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்த புத்தகத்தை எடுத்தது. மைதாப் பசையில் பிரஷைத் தோய்த்தது. பழுப்புத் தாளை நறுக்கிக் கடைசி அத்தியாயத்தின் மேல் ஒட்டியது. சிவப்புப் பேனாவால் அந்தப் புத்தகத்தின் எண்ணையும் கையெழுத்தையும் போட்டது. கண் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லை.

தேனம்மை தன்னை அறிமுகம் செய்துகொண்டு நாவலை மேஜையில் வைத்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"அபி புத்தகம். நல்ல பிள்ளை ஆச்சி. இந்தக் கடையிலயே நல்லா வாசிக்கிற பிள்ளை அதுதான்."

"இந்தத் தாள் எதுக்கு?"

"முடிவ முதல்ல புரட்டிப் பாக்குற புத்தி எல்லாருக்கும் உண்டு. அதான் மூடிக் குடுக்குறது. கதைய ஒழுங்காப் படிச்சு வந்தவுக கிழிச்சுக்கலாம். கிழிக்காமத் திரும்பக் கொண்டாந்தா வாடகை வேணாம். என் சிபாரிசு தோத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"அபி இதக் கிழிக்கல."

சத்தியமூர்த்தி தாளை விரலால் தடவினார். "சனிக்கிழமை எடுத்துட்டுப் போச்சு. புது வரவு, இந்த மாசத்துச் சிபாரிசு. முதல் ஆளா அதுக்குத்தான் குடுத்தேன். அதுக்கப்புறம் கடைப் பக்கமே வரல. போலீஸ்கிட்டயும் அதத்தான் சொன்னேன். பாதியிலயே விட்டிருக்கு பாருங்க. மனசு ஒடைஞ்ச பிள்ளைக்குக் கதை எங்க ஓடும்?"

"யாரு இந்த இருள்நம்பி?"

"நம்ம ஜில்லாக்காரர்னு கேள்வி. வெளியில வர்றதில்லை" என்றவர் புத்தகத்தைத் தன் பக்கம் நகர்த்தினார். "வச்சுட்டுப் போறீகளா? அடுத்து ஆளு காத்திருக்கு."

"கொஞ்ச நாள் ஆகும்" என்று தேனம்மை அதை எடுத்துக்கொண்டார்.

*

காரில் ஏறியதும் காசிக்கு வாய் நிற்கவில்லை.

"ஆச்சி, எங்க பஸ்ல ஒரு வாத்தியார் வருவாரு. மர்மக் கதை படிச்சாரு, இறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டாரு. தேவகோட்டை வரைக்கும் வந்து, திரும்பி வரவும் டிக்கெட் எடுத்து, கொலைகாரன் யாருன்னு தெரிஞ்ச பெறகுதான் எறங்குனாரு. இந்த ஜாதிக்கு முடிவு தெரியாம இருப்புக் கொள்ளாது. கடைசி அத்தியாயத்த மூடி வச்சுக்கிட்டு ஒரு பிள்ளை சாகப் போகுமா? அதுவும் பையில எடுத்துக்கிட்டா? படிக்கணும்னுதான எடுத்துட்டுப் போயிருக்கு!"

"ம்" என்றார் தேனம்மை.

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயி வலிக்குமா?"

"நல்லாத்தான் இருக்கு. அதுதான் ஒதைக்குது. புதுவயலுக்குப் போ. அந்தப் பிள்ளை இருந்த எடத்தப் பாக்கணும்."

புதுவயல் நெருங்கும்போதே தவிட்டு வாசனை வந்தது. நெல் லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைத்து ஒச்சம்மாளின் ஓட்டு வீட்டு முன்னால் நிறுத்தினான் காசி. மில்லிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்ததால் அவர் தலையில் உமியோடு வாசலில் நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் காசிக்குப் பொறுக்கவில்லை. தேனம்மை கதவைத் திறப்பதற்குள் இறங்கி ஓடினான்.

"அம்மா, உங்க மக சாகணும்னு போகல. படிச்ச கதைக்கு முடிவே பாக்கல. முடிவு பாக்காம அது சாகாதும்மா. நீங்க சொன்ன சொல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!"

ஒச்சம்மாள் அவனையே பார்த்தார். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூச்சு விட்டார். எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சோ தெரியாது. தேனம்மை காசியைத் திட்டவில்லை. ஆனால் பார்த்த பார்வையில் திட்டு இருந்தது.

வீட்டில் ஒரே அறைதான். மூலையில் அபியின் இடம்: ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, மேலே தகரக் கதவு போட்ட சுவர் அலமாரி. தேனம்மை கதவைத் திறந்தார். உள்பக்கம் முழுக்கப் பழுப்புத் தாள் பட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. எல்லாவற்றிலும் சிவப்பு மையில் எண்ணும் கையெழுத்தும்.

"என்ன இது?"

"முடிச்ச புத்தகத்துத் தாள பிளேடு வச்சு அறுத்து இங்க ஒட்டுவா" என்றார் ஒச்சம்மாள். "கப்பு வாங்குன பிள்ளைக அடுக்கி வைக்குமே, அது மாதிரி. நான் சிரிப்பேன்."

தேனம்மையின் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. கடைசிப் பட்டையில் நின்றது. "காசி, அந்தப் புத்தகத்த எடு. தாள்ல இருக்க நம்பரப் படி."

அவன் படித்தான். தகரக் கதவில் விரல் நின்ற இடத்தைப் பார்த்தான். மறுபடியும் படித்தான். அதே எண். 'ஈரச் சாவி'யின் எண்.

காசி புத்தகத்தைக் கீழே இறக்கினான். அபி கடைசி அத்தியாயத்தைக் கிழித்திருக்கிறாள். முடிவைப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு அழுதிருக்கிறாள். அம்மாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வெளியே போயிருக்கிறாள். அவன் வாசலில் நின்று அள்ளிக் கொடுத்தது அத்தனையும் பொய்யாகிவிட்டது.

"என்னாச்சு ஆச்சி?" என்று கேட்டார் ஒச்சம்மாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ முடிச்சுட்டாளா? முடிச்சுட்டுத்தான் போனாளா?"

காசி தலையைக் குனிந்துகொண்டான். நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ஒச்சம்மாள் தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. "நான் நெனச்சதுதான்" என்று மட்டும் சொன்னார்.

தேனம்மை அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். "ஒச்சம்மா, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. அழுதான்னீகளே, ஏன் அழுகுறேன்னு கேட்டீகளா?"

"கேட்டேன். 'நான் மனசுல கட்டி வச்சிருந்த கதைய அப்படியே வேற ஆளு அச்சுப் போட்டுட்டாரும்மா, முடிவு கூட என் முடிவுதான்'னு சொன்னா. கதைக்கெல்லாம் ஒருத்தி ஒப்பாரி வைப்பாளான்னு எனக்குக் கோவம் வந்துருச்சு. அதான் ஏசினேன்."

"அந்தக் கதைய அவ யாருகிட்டயாச்சும் சொல்லியிருந்தாளா?"

"எனக்குச் சொன்னா நான் தூங்கிருவேன். புத்தகக் கடை சாருகிட்டதான் சொல்லுவா. அவருதான் உக்காந்து கேப்பாராம். எழுதும்மா எழுதும்மான்னு சொல்லுவாராம்."

தேனம்மை எழுந்தார். பிறகு அலமாரிக் கதவிலிருந்து அந்தக் கடைசிப் பட்டையை நகத்தால் மெல்ல உரித்தெடுத்துக் கைக்குட்டையில் வைத்தார்.

"ஒச்சம்மா, நீங்க நெனச்சது சரின்னு இன்னும் நான் சொல்லல. சாயங்காலத்துக்குள்ள வாரேன்." வெளியே வந்து கதிரவனுக்குப் போன் போட்டார். காசி வண்டியைக் கிளப்பினான்.

"நான் முந்திரிக்கொட்டை ஆச்சி. ஒத்துக்கிறேன். ஆனா அபி முடிவப் படிச்சுட்டான்னா நம்ம கையில இப்ப என்ன இருக்கு?"

"அலமாரியில ஒரு தாள் இருக்கு. புத்தகத்திலயும் ஒரு தாள் இருக்கு. கிழிச்ச தாள் திரும்ப மொளைக்காது காசி."

அவன் போட்ட பிரேக்கில் பின்னால் வந்த நெல் லாரி ஹாரனை அலற விட்டது.

*

மத்தியானம். மர்மக்கூடத்தில் யாரும் இல்லை. திரும்பி வந்த புத்தகங்களோடு சத்தியமூர்த்தி தனியாக உட்கார்ந்திருந்தார். சற்றுக் கழித்துக் கதிரவன் சாதாரண உடுப்பில் உள்ளே வந்து, 'தனியாக இருந்தால் தொடாதே' அலமாரியின் முன் நின்று புத்தகம் பார்க்க ஆரம்பித்தார்.

"கொண்டாந்துட்டேன்" என்று தேனம்மை 'ஈரச் சாவி'யை மேஜையில் வைத்தார். "தாள்ல இருக்கது உங்க கையெழுத்துத்தானே?"

"பின்ன யாரு போடுவா? என்னோடதுதான்."

கைக்குட்டையைப் பிரித்து, அலமாரியில் உரித்தெடுத்த பட்டையைப் பக்கத்தில் வைத்தார். "இதுவும்?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "என்னோடது" என்று சொல்லி வாயை மூடவில்லை, நம்பரைப் படித்துவிட்டார். புத்தகத்தில் இருந்த தாளையும் எட்டிப் பார்த்தார்.

"புது வரவு, முதல் ஆளு அபிதான்னு நீங்கதான் சொன்னீக. அவ முடிச்சு, தாள அறுத்து, அலமாரியில ஒட்டிட்டா. அப்ப இந்தத் தாள் எப்ப ஒட்டினது? அவளாவே ஒட்டினான்னு சொல்லாதீக. உங்க மை, உங்க எழுத்து. இந்தப் புத்தகம் செவ்வாய்க்கிழமை இந்த மேஜைக்கு வந்திருக்கு. கடைப் பக்கமே வரலன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கீக."

சத்தியமூர்த்தி தன் கைகளைப் பார்த்தார். வலது கையில் பசை பிரஷ் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"நான் ஒட்டினேனா?" என்று கேட்டார். நடிப்பு இல்லை. நிஜமாகவே கேட்டார். "அவ புத்தகத்தத் தூக்கி எறிஞ்சா. நின்னு கத்தினா. நான் அவ மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்..."

"கை அதுபாட்டுக்கு வேலையப் பாத்திருக்கு."

"இருள்நம்பி நீங்கதானா சார்?" என்றான் காசி. அவனுக்கே அவன் குரல் வேறாகக் கேட்டது.

"முப்பது வருஷமா அடுத்தவன் எழுதினதையே நல்லா இருக்கு, படிங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன் தம்பி. எனக்குன்னு ஒண்ணு வரல. எத்தனை தடவ உக்காந்தேன்! அந்தப் பிள்ளை சும்மா வந்து நின்னு, வாயால சொல்லிட்டுப் போகும். அவ்வளவு சுலபமா வரும் அதுக்கு." பிரஷைக் கீழே வைத்தார். "அவ அத எழுதவே மாட்டான்னு நெனச்சு, நான் எழுதிட்டேன். கடை வாசகர் வட்டத்துல எல்லாருக்கும் சொல்லிருவேன்னு நின்னா. இருட்டிக்கிட்டு வருது, கார்ல கொண்டுபோய் விடுறேன், பேசித் தீத்துக்கலாம்னேன். நம்பி ஏறினா. ஊருணிக் கரையிலயும் அதே பேச்சு. ஒரு தள்ளுதான். செருப்பையும் பையையும் படியில எடுத்து வச்சேன். புத்தகம் கடையில இருந்தா வந்தது தெரிஞ்சுருமேன்னு அதையும் பையில போட்டேன்."

அத்தனை மர்மக் கதை படித்து, இவ்வளவையும் யோசித்த மனுஷன், தன் கை ஒட்டிய தாளை மட்டும் பார்க்கவில்லை.

"அவளுக்கு நீச்சல் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் தேனம்மை.

சத்தியமூர்த்தி பிரஷை மேஜையில் நேராக்கி வைத்தார்.

"கத்தினாளா?"

"அம்மா, அம்மான்னா" என்றார் சத்தியமூர்த்தி. "ரெண்டு மூணு தடவ. அப்புறம் இல்ல."

கதிரவன் அலமாரியிலிருந்து திரும்பினார். இந்த இடத்தில் காசி வழக்கமாக ஏதாவது சொல்லுவான். அவன் வெளியே போய்ச் சந்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். அந்தப் பெண் எழுத வேண்டியதை எல்லாம் நினைத்தபோது அவனுக்கு ஆத்திரமாக வந்தது. ஒருவரையும் அடிக்க முடியாத ஆத்திரம்.

*

சாயங்கால வெயிலில் மில் களத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஒச்சம்மாள் காலால் நெல்லைக் கிளறியபடி போய் வந்துகொண்டிருந்தார். வேலையை நிறுத்தினால் விழுந்துவிடுவோம் என்று பயந்தவர் போல நடந்தார். தேனம்மை களத்துக்குள் இறங்கி அவரோடு கூடவே நடந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மெழுகவில்லை. கதை, கடை, கார், ஊருணி.

"அவ சாகப் போகல ஒச்சம்மா. நியாயம் கேக்கப் போயிருக்கா. உங்க சொல்லு இதுல எங்கயுமே இல்ல."

ஒச்சம்மாள் நின்றார். காசி எதிர்பார்த்த நிம்மதி அந்த முகத்தில் வரவில்லை.

"அப்ப பிழைக்கணும்னுதான் கெடந்திருக்கா" என்றார். "தண்ணிக்குள்ள பிழைக்கணும்னு கெடந்து தவிச்சிருக்கா. நான் இங்க நெல்லக் குமிச்சு மூடிக்கிட்டு இருந்திருக்கேன்."

குனிந்து, காலில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டார்.

"கடைசியா என்னமாச்சும் சொன்னாளா ஆச்சி? அந்த ஆளு சொன்னானா?"

காசி தேனம்மையைப் பார்த்தான். வேண்டாம் ஆச்சி, இல்லையென்று சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினான். தேனம்மை அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மான்னு கூப்பிட்டிருக்கா. ரெண்டு மூணு தடவ."

ஒச்சம்மாளின் உதடு அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தது.

"காலையில அப்படி ஏசி வெரட்டினேன். அதுக்குப் பெறகும் என்னையத்தான் கூப்பிட்டாளா?" என்றார். "அப்ப எம்மேல கோவம் இல்ல அவளுக்கு."

சொல்லிவிட்டு, சுடுநெல்லின்மேல் அப்படியே உட்கார்ந்து, மகள் செத்த நாளிலிருந்து முதல்முறையாக வாய்விட்டு அழுதார். களத்தில் இருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு அவரைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள்.